புது பம்ப் போடலாம், பம்ப்பை மட்டும் போடக் கூடாது



கொஞ்சம் நீளமான பதிவு. பழைய பிக்கப் வைத்திருப்பவர்கள், கராஜ் நடத்துகிற தம்பிமார், அந்த வாகனங்களில் பிள்ளைகளை ஏற்றி அனுப்புகிற உம்மா வாப்பாமார் எல்லோரும் பொறுமையாகக் கடைசிவரை வாசியுங்கள்.

விடயம் இதுதான். எங்கட பக்கம் ஓடுகிற பழைய பெற்றோல் பிக்கப்களில் பம்ப் பழுதானால், பிந்திய மொடல் வாகனமொன்றின் பம்ப்பை முழு செட்டாகக் கொண்டுவந்து பூட்டுகிற வேலை கூடிவருகிறது. டேங்க்குக்குள் இறங்குகிற மோட்டார், மிதவை, மூடி, பிளக் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த செட். "புதுசு போட்டா நல்லம்தானே சேர், அதில என்ன பிழை?" என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள்.

புதுசு போடுவதில் பிழையில்லை. சரியாகச் செய்தால் பழைய வாகனம் இன்னும் பல வருடம் உழைக்கும். ஆனால் அந்த செட்டோடு சேர்த்து ஐந்து விடயங்களைச் சரிபார்த்தே ஆக வேண்டும்: அமுக்கம், ஹோஸும் டேங்க்கும், வயர், பெற்றோல் மீட்டர், எஞ்சின் நின்றால் பம்ப்பை நிறுத்துகிற ஏற்பாடு. இந்த ஐந்தையும் செய்ய நேரமோ காசோ இல்லையென்றால் புது செட்டில் கைவைக்கவே வேண்டாம் என்பது என் கருத்து. ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில், ஏன் இப்போது இதை எழுதுகிறேன்?

2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகனம் வருவது நின்றது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் சாதாரண ஆள் பெருமூச்சு விட்டுத் திரும்பி வருவார். ஆகவே முப்பது வயது, முப்பத்தைந்து வயது பிக்கப்களை வைத்தே காலம் தள்ளுகிறோம். வட்டைக்கு உர மூட்டை கொண்டு போவதும் அதுதான். விடியற்காலையில் மீன் பெட்டி ஏற்றுவதும் அதுதான். கலியாண வீட்டுக்குச் சட்டி பானை இறக்கிவிட்டு, வருகிற வழியில் மத்ரஸாப் பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வருவதும் அதுதான்.

பழைய வாகனத்துக்குச் சரியான பார்ட்ஸ் கிடைப்பது கஷ்டம். பஞ்சிகாவத்தைக்குப் போனாலும் "அது இப்ப இல்ல, இதப் போடலாம்" என்ற பதில்தான் அதிகம். ஜப்பான் ரீகண்டிஷன் செட் ஒன்று கைக்கெட்டிய விலையில் கிடைத்தால் வாங்கத்தான் மனம் போகும். அதைக் குறை சொல்ல மாட்டேன். வாங்கிய பிறகு நடப்பதுதான் என் கவலை.

1. அமுக்கம்

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன் என்பதால் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலவே சொல்கிறேன், கோபிக்காதீர்கள்.

வீட்டு மேல் தண்ணீர்த் தாங்கியில் ஒரு மிதவைப் பந்து இருக்கிறதல்லவா? தண்ணீர் நிறைந்ததும் பந்து எழும்பி வால்வை மூடும். காபரேட்டருக்குள் நடப்பதும் அதேதான். ஒரு சின்னக் கிண்ணம், ஒரு மிதவை, ஒரு ஊசி. பெற்றோல் நிறைந்ததும் மிதவை எழும்பி ஊசியை மேலே தள்ளி வழியை அடைக்கும். அந்தச் சின்ன மிதவைக்கு இருக்கிற பலம் அவ்வளவுதான். சுமார் 3 முதல் 6 பி.எஸ்.ஐ. அமுக்கம் வரைதான் அது தாக்குப்பிடிக்கும்.

ஈ.எஃப்.ஐ. எஞ்சினில் கிண்ணமும் இல்லை, மிதவையும் இல்லை. இன்ஜெக்டர் வழியே பெற்றோலைப் பூந்தூறலாகப் பீய்ச்ச வேண்டும். அதற்கு ஏறத்தாழ 35 முதல் 50 பி.எஸ்.ஐ. வேண்டும். டயருக்குக் காற்றடிக்கிற கணக்கு எல்லோருக்கும் தெரியும். 30 என்றால் டயர் கல்லுப்போல இருக்கும். காபரேட்டருக்கு வேண்டியது அதில் ஐந்திலொரு பங்குகூட இருக்காது. ஈ.எஃப்.ஐ. பம்ப் தருவதோ டயரில் இருப்பதையும் விட அதிகம்.

டொயோட்டா ஹைலக்ஸில் வந்த 22ஆர் எஞ்சினை எடுங்கள். 2,366 சீ.சீ. காபரேட்டர் பூட்டியது 22ஆர். அதே எஞ்சினில் ஈ.எஃப்.ஐ. பூட்டியது 22ஆர்-ஈ. பொனட்டைத் திறந்து பார்ப்பவருக்கு இரண்டும் அண்ணன் தம்பி. ஆனால் 22ஆரின் பம்ப் எஞ்சின் தலையில் இருக்கும். கேம் சுற்றுகிற சுற்றில் ஒரு சவ்வு மேலும் கீழும் அசைந்து பெற்றோலை இழுக்கும். 22ஆர்-ஈயின் பம்ப் டேங்க்குக்குள் கிடக்கும் மின் மோட்டார். "ஒரே எஞ்சின்தானே" என்று அதன் பம்ப்பை இதற்குப் போட்டால் என்ன நடக்கும் என்பதை இப்போது நீங்களே சொல்வீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு காக்காவின் பிக்கப்பில் இது நடந்தது. செங்கல் ஏற்றுகிற வாகனம். பழைய பம்ப்பின் சவ்வு கிழிந்துவிட்டது. ஒரு கராஜில் ஈ.எஃப்.ஐ. செட் ஒன்றை டேங்க்குக்குள் இறக்கி, குழாயை நேரே காபரேட்டருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரே சாவியில் ஸ்டார்ட். எல்லோருக்கும் சந்தோசம். இரண்டு நாளில் பெற்றோல் மணம். பிளக் நாலும் கரி. பிறகு காபரேட்டரைத்தான் குற்றம் பிடித்தார்கள். கழுவினார்கள், ஊசியை மாற்றினார்கள், மறுபடியும் மாற்றினார்கள். மூன்றாவது கிழமை ஒயில் கம்பியை இழுத்துப் பார்த்தால் மட்டம் கூடியிருக்கிறது, ஒயிலில் பெற்றோல் மணக்கிறது. ஊசி தாங்காமல் வழிந்த பெற்றோல் சிலிண்டர் வழியே இறங்கி ஒயிலோடு கலந்திருக்கிறது. ஒயில் மெலிந்தால் பெயரிங் போகும், எஞ்சின் போகும். கடைசியில் வேறொரு இடத்திலிருந்து அமுக்கமானியைக் கடன் வாங்கி வைத்துப் பார்த்தோம். முள் 40ஐத் தாண்டி நின்றது. ஒரு நிமிட வேலை. அந்த ஒரு நிமிடம் முதல் நாளே செலவழிந்திருந்தால் மூன்று கிழமை உழைப்பும் ஒரு ஒயில் மாற்றமும் மிச்சம்.

இனி, பழைய ஈ.எஃப்.ஐ. வாகனத்துக்குப் புதிய ஈ.எஃப்.ஐ. செட் போடுவோர் "எங்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை" என்று நினைக்க வேண்டாம். பழைய ஈ.எஃப்.ஐ.யில் டேங்க்கிலிருந்து எஞ்சினுக்கு ஒரு குழாய் போகும், மிஞ்சிய பெற்றோல் திரும்பிவர இன்னொரு குழாய் இருக்கும். அமுக்கத்தைக் கட்டுப்படுத்துகிற ரெகுலேட்டர் எஞ்சின் பக்கத்தில் இருக்கும். 1990களின் பிற்பகுதியிலிருந்து பல கம்பனிகள் இந்த முறையை மாற்றின. ரெகுலேட்டரை டேங்க்குக்குள் பம்ப் செட்டோடு சேர்த்துவிட்டார்கள். திரும்பும் குழாயே இல்லை. அப்படிப்பட்ட செட்டைப் பழைய வாகனத்தில் இறக்கினால், எஞ்சினிலிருந்து திரும்பிவருகிற பெற்றோல் எங்கே போவது? சிலர் அந்தக் குழாயை அடைத்துவிடுகிறார்கள். அப்போது எஞ்சின் பக்கத்து ரெகுலேட்டருக்கு வேலையில்லாமல் போகும், எஞ்சின் கேட்பதைவிடக் கூடுதலாகப் பெற்றோல் எரியும். சிலர் புது மூடியில் துளை போட்டு ஒரு குழாயைச் செருகி ஏதோ ஒரு பசையைப் பூசுகிறார்கள். பெற்றோல் டேங்க்கின் மூடியில் பசை! இதற்கு மேல் நான் என்ன சொல்ல?

2. ஹோஸும் டேங்க்கும்

பெற்றோல் ஹோஸ் எல்லாம் ஒன்றில்லை. நல்ல ஹோஸின் உடம்பில் 30ஆர்7, 30ஆர்9, 30ஆர்10 என்று அச்சிட்டிருக்கும். ஆர்7 காபரேட்டர் போன்ற குறைந்த அமுக்கத்துக்கு. ஆர்9 ஈ.எஃப்.ஐ.யின் அமுக்கத்துக்கு. ஆர்10 டேங்க்குக்குள்ளே பெற்றோலில் மூழ்கிக் கிடப்பதற்கு. மற்ற ஹோஸ்கள் உள்பக்கம்தான் பெற்றோலைத் தாங்கும். வெளிப்பக்கமும் பெற்றோலில் ஊறினால் கொஞ்சக் காலத்தில் ரப்பர் உப்பிக் கரைந்துவிடும். பழைய காபரேட்டர் ஹோஸிலேயே 40 பி.எஸ்.ஐ.யை அனுப்புவதும், டேங்க்குக்குள் கிடைத்த ஹோஸைப் பூட்டுவதும் இன்று வேலை செய்யும். எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது. வெடிக்கிற நேரத்தில் பக்கத்தில் சூடான சைலென்சர் இருக்கலாம்.

அடுத்தது ஆழம். புது செட் எந்த டேங்க்குக்காகச் செய்யப்பட்டதோ அந்த ஆழத்துக்குத்தான் அதன் கால் இருக்கும். கால் குட்டை என்றால் அடியில் பெற்றோல் கிடக்கும்போதே வாகனம் நிற்கும். அதைவிட மோசம், மோட்டார் அடிக்கடி வெறுமையாகச் சுற்றும். டேங்க்குக்குள் இருக்கிற மோட்டாரைக் குளிர வைப்பதே பெற்றோல்தான். 2022இல் கியூஆர் கோட்டாவோடு டேங்க்கின் அடிமட்டத்திலேயே வாகனம் ஓட்டிய காலம் ஞாபகமிருக்கும். அந்தப் பழக்கம் இந்த மோட்டாருக்கு ஆகாது. கால் நெட்டை என்றால் மூடி சரியாக உட்காராது. உட்காராத மூடியை ஸ்குரூவால் இறுக்கி இழுத்தால் ரப்பர் வளையம் ஒரு பக்கம் நசுங்கும், மறு பக்கம் மூச்சு விடும். அந்த வளையம் ஒவ்வொரு முறையும் புதிதாகவே இருக்க வேண்டும்.

பழைய இரும்பு டேங்க்கில் துரு இருக்கும். அதைக் கழுவாமல் புது பம்ப்பை இறக்கினால் அடியிலுள்ள வடி சில மாதத்திலேயே அடைத்துவிடும். இன்னொன்று. மூடி பொருந்தவில்லை என்று டேங்க்கின் வாயை வெட்டி வெல்டிங் பிடிப்பதைக் கேள்விப்படுகிறேன். தயவுசெய்து வேண்டாம். காலியான டேங்க்தான் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து. காற்றில் பெற்றோல் ஆவி 1.4 சதவீதம் இருந்தாலே ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். காற்றைவிடப் பாரமானது என்பதால் அது அடியிலேயே தங்கி நிற்கும். பெற்றோலை ஊற்றிவிட்டு ஒரு நாள் வெயிலில் வைத்தோம் என்பது பாதுகாப்பு ஆகாது.

3. வயர்

சவ்வு பம்ப்புக்கு மின்சாரமே வேண்டாம். டேங்க்குக்குள் இறங்கும் ஈ.எஃப்.ஐ. மோட்டார் பொதுவாக 4 முதல் 8 அம்பியர்வரை இழுக்கும். பக்கத்தில் கிடக்கிற ஏதாவது ஒரு வயரில், உதாரணமாகப் பின் விளக்கு வயரில் கொழுவிவிட்டால் மோட்டார் சுற்றும்தான். ஆனால் பழைய வயரிலும் பச்சை பிடித்த மூட்டிலும் 2 வோல்ற் விழுந்தால், 6 அம்பியர் ஓடும்போது 12 வாற்று வெப்பம் அந்த இடத்தில் பிறக்கும். சின்ன சோல்டரிங் அயனின் வேலை அது. அது நடப்பது டேங்க்குக்குப் பக்கத்தில். மறுபுறம், வோல்ற்றளவு குறைந்த மோட்டார் தேவையான பெற்றோலைத் தராது. மேட்டில் பாரத்தோடு ஏறும்போது இழுவை போகும். பிறகு "புது பம்ப்பும் டூப்ளிகேட்" என்று கடைக்காரனை ஏசுவார்கள்.

செய்ய வேண்டியது கஷ்டமான வேலை இல்லை. பற்றரியிலிருந்து நேரே ஒரு தனி வயர், பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ், நடுவில் ரிலே, நல்ல ஏர்த். எஞ்சின் ஓடும்போது பம்ப்பின் பிளக்கில் எத்தனை வோல்ற் இருக்கிறது என்று மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். பற்றரியில் இருப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் வேலை முடியவில்லை என்று அர்த்தம்.

4. பெற்றோல் மீட்டர்

பம்ப் செட்டிலுள்ள மிதவையோடு ஒரு தடை இருக்கிறது. மிதவை ஏறி இறங்கும்போது அதன் ஓம் அளவு மாறும். டாஷ்போர்டில் முள் அதைப் பார்த்துத்தான் அசையும். பழைய முள்ளும் புதிய மிதவையும் ஒரே கணக்கில் பேசாது. அமெரிக்க ஃபோர்ட் பிக்கப்களில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். பழையவற்றில் டேங்க் காலி என்றால் சுமார் 73 ஓம், நிறைந்தால் 10 ஓம். 1980களின் பிற்பகுதியில் கணக்கையே தலைகீழாக்கினார்கள்: காலி என்றால் 16, நிறைந்தால் 158. ஒரே கம்பனி, ஒரே மாதிரி பிக்கப். புதியதைப் பழையதில் போட்டால் காலி டேங்க்குக்கு முள் நிறைவுக்குப் பக்கத்தில் நிற்கும்.

"மீட்டர் வேலை செய்யாட்டி என்ன, கம்பி விட்டுப் பார்ப்பம்" என்பவர்கள் இருக்கிறார்கள். இரவு பத்து மணிக்குப் பிரசவ வலியோடு ஒருத்தியை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறபோது கம்பி விட்டுப் பார்ப்பீர்களா? வாங்குவதற்கு முன்பே இரண்டு மிதவைகளையும் கையால் ஏற்றி இறக்கி ஓம் மீட்டரால் அளந்து பாருங்கள். பொருந்தாவிட்டால் பழைய மிதவையைப் புது செட்டுக்கு மாற்ற முடியுமா என்று பார்க்க வேண்டும்.

5. எஞ்சின் நின்றால் பம்ப்பும் நிற்க வேண்டும்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் ஞாபகம் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

பழைய சவ்வு பம்ப்பை எஞ்சின்தான் ஓட்டுகிறது. வாகனம் மோதி எஞ்சின் நின்றால் பம்ப்பும் அந்த நொடியே நின்றுவிடும். யாரும் திட்டமிடாமலே கிடைத்த பாதுகாப்பு அது. மின் பம்ப்புக்கு எஞ்சின் நின்றது தெரியாது. சாவி போட்டபடி இருந்தால் அது ஓடிக்கொண்டே இருக்கும். குழாய் அறுந்திருந்தாலும் ஓடும், வாகனம் குடைசாய்ந்து கிடந்தாலும் ஓடும். அறுந்த குழாய் வழியே சூடான எஞ்சின் மேல் பெற்றோலைப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும்.

வாகனம் செய்கிற கம்பனிகளுக்கு இது தெரியும். பழைய டொயோட்டா ஈ.எஃப்.ஐ.யில் எஞ்சினுக்குள் காற்றுப் போகிறதா என்று பார்த்துத்தான் பம்ப்பின் ரிலே பிடித்து நிற்கும். காற்று நின்றால் ரிலே விடும். பிந்திய வாகனங்களில் கம்பியூட்டர் எஞ்சின் சுற்றுகிறதா என்று பார்க்கிறது. சுற்றாவிட்டால் ஓரிரு விநாடியில் பம்ப்பை நிறுத்துகிறது. ஃபோர்ட் போன்ற சிலர் மோதல் அதிர்ச்சியில் தானாக விழுகிற சுவிட்ச் ஒன்றையும் வைத்தார்கள். நாங்கள் பழைய பிக்கப்புக்குள் கொண்டுவருவது பம்ப்பை மட்டும். அதைக் காவல் காத்த ரிலேயும் கம்பியூட்டரும் வந்த வாகனத்திலேயே தங்கிவிட்டன.

இதற்கும் வழி இருக்கிறது. எஞ்சினின் ஒயில் அமுக்க சுவிட்ச் வழியாக ரிலேயை இணைக்கலாம். ஒயில் அமுக்கம் இல்லையென்றால் பம்ப்புக்கு மின்சாரம் இல்லை. எஞ்சின் சுற்றை உணர்கிற ரிலே வைக்கலாம். அதிர்ச்சி சுவிட்ச் ஒன்றைச் சேர்க்கலாம். இவற்றில் ஒன்றாவது இல்லாமல் மின் பம்ப் பூட்டிய வாகனத்தில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்பேன். பரிசோதிப்பதும் லேசு. எஞ்சின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டுவிட்டு டேங்க் பக்கம் காதை வையுங்கள். சில விநாடிகளுக்குப் பிறகும் மோட்டார் ரீங்காரமிட்டால் உங்கள் வாகனத்தில் அந்தக் காவல் இல்லை.

டீசல் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை

எங்கட பக்கம் டீசல்தான் அதிகம் என்று தெரியும். அங்கே கதை வேறு. பழைய 2எல், 3எல் எஞ்சின்களில் பம்ப் டீசலை அனுப்புவதோடு நிற்பதில்லை. எந்தச் சிலிண்டருக்கு, எந்த நேரத்தில், எவ்வளவு என்று மூன்றையும் தீர்மானிப்பது அதுதான். கொமன் ரெயில் எஞ்சினின் பம்ப் அமுக்கத்தை உண்டாக்குவது மட்டுமே. நேரத்தையும் அளவையும் கம்பியூட்டரும் இன்ஜெக்டரும் பார்த்துக்கொள்ளும். ஆகவே அதைக் கழற்றி இதில் பூட்டுகிற பேச்சுக்கே இடமில்லை. பெரிய எஞ்சினின் பம்ப்பைச் சின்ன எஞ்சினில் பூட்டினால் "இழுவை கூடிற்று" என்று முதலில் தோன்றும். பின்னால் கறுப்புப் புகை வரும், பிறகு சூடேறிப் பிஸ்டன் பேசும். டீசல் பம்ப் என்றால் அதே பம்ப்பை பம்ப் ரூமில் கொடுத்துச் சரிசெய்து, டைமிங்கை அளந்து பூட்டுவதே நல்லது.

"இதுக்கெல்லாம் காசு ஆர் தருவார்?"

நியாயமான கேள்வி. நாள் உழைப்பில் ஓடுகிற ஆளிடம் ரிலே வாங்கு, ஆர்9 ஹோஸ் வாங்கு, மீட்டர் வை என்று சொல்வது எனக்கும் லேசில்லை. அதனால்தான் புது செட்டுக்கு அவசரப்பட வேண்டாம் என்கிறேன். செலவு குறைந்த வழிகள் முதலில் இருக்கின்றன.

காபரேட்டர் வாகனமா? அதே மாதிரி சவ்வு பம்ப்பைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால், காபரேட்டருக்கென்றே 3 முதல் 5 பி.எஸ்.ஐ. தருகிற சின்ன மின் பம்ப்கள் இருக்கின்றன. டேங்க்கைத் திறக்கவே தேவையில்லை, வெளியில் குழாயில் பூட்டலாம். ரிலேயும் நிறுத்தும் ஏற்பாடும் அதற்கும் வேண்டும், அவ்வளவுதான். மேலே சொன்ன காக்காவின் பிக்கப்பிலும் கடைசியில் அதைத்தான் பூட்டினோம். இன்றும் செங்கல் ஏற்றுகிறது.

ஈ.எஃப்.ஐ. வாகனமா? பெரும்பாலான ஜப்பான் வாகனங்களில் செட்டை மாற்றத் தேவையில்லை. பழைய மூடி, பழைய கால், பழைய மிதவை எல்லாம் அப்படியே இருக்க, மோட்டாரை மட்டும் கழற்றி அதே அளவு, அதே அமுக்கம் உள்ள மோட்டாரைப் போடலாம். மூடி பொருந்தும், பிளக் பொருந்தும், மீட்டர் பழையபடி காட்டும், திரும்பும் குழாயும் தன் இடத்தில் இருக்கும். இந்த ஐந்து தலையிடியில் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடும். இரண்டு வழியும் சரிவராவிட்டால் மட்டும் புது செட்டுக்குப் போங்கள். அப்போது ஐந்தையும் செய்யுங்கள்.

"எங்கட பாஸ் முப்பது வருசம் வேல செய்றார், அவருக்குத் தெரியாததா?"

பாஸ்மாரை நான் மதிக்கிறேன். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே எந்த வால்வு என்று சொல்கிற கைதேர்ந்தவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். ஆனால் 5 பி.எஸ்.ஐ.க்கும் 45 பி.எஸ்.ஐ.க்கும் உள்ள வித்தியாசம் காதுக்குக் கேட்காது, மூக்குக்குத் தெரிகிற நேரம் பிந்திவிடும். அதற்கு அமுக்கமானி வேண்டும். டொக்டர் எவ்வளவு அனுபவம் உள்ளவராக இருந்தாலும் பிரஷர் பார்க்காமல் மருந்து எழுதினால் நாங்கள் விடுவோமா?

இதில் வாகனக்காரர்களாகிய எங்கள் பக்கமும் குறை இருக்கிறது. "இண்டைக்கே முடிச்சுத் தாங்க, குறைச்சுச் செய்ங்க" என்று நெருக்குகிறவர்கள் நாங்கள். அளந்து பார்ப்பதற்குக் காசு கேட்டால் "பார்த்ததுக்குமா காசு?" என்று கேட்கிறவர்களும் நாங்கள். பார்ட்ஸுக்கு மறுபேச்சில்லாமல் கொடுக்கிற சமூகம் அறிவுக்குக் கொடுக்கத் தயங்கினால், பாஸ்மார் பார்ட்ஸைத்தான் மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே ஒவ்வொருவரிடமும் ஒரு வேண்டுகோள்.

வாகனக்காரர்களே, பம்ப் மாற்றியதும் மூன்று கேள்வி கேளுங்கள். அமுக்கம் எவ்வளவு காட்டியது? ஓடும்போது பிளக்கில் எத்தனை வோல்ற்? எஞ்சின் நின்றால் பம்ப்பை எது நிறுத்துகிறது? பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அந்த வேலைக்குரிய கூலியை மனமுவந்து கொடுங்கள். வருடா வருடம் புகைப் பரிசோதனையில் பாஸ் ஆகிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது அளப்பது புகையை. உங்கள் ரிலேயைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

கராஜ் தம்பிமாரே, ஒரு அமுக்கமானியும் ஒரு மல்ற்றிமீட்டரும் உங்கள் கராஜின் முதலீடு. அனுபவத்தையே பரீட்சித்து என்.வி.கியூ. சான்றிதழ் தருகிற முறை நாட்டில் இருக்கிறது. பல வருடம் வேலை செய்தும் கையில் ஒரு கடதாசியும் இல்லாமல் இருப்பவர்கள் அதைப் பயன்படுத்துங்கள். உங்களிடம் வேலை பழகுகிற பொடியன்களையும் அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

பார்ட்ஸ் விற்பவர்களே, "இது எல்லாத்துக்கும் சரிவரும்" என்ற வார்த்தையைக் கொஞ்சம் யோசித்துச் சொல்லுங்கள். எந்த வாகனத்தில் கழற்றியது, எத்தனை பி.எஸ்.ஐ., திரும்பும் குழாய் உண்டா இல்லையா என்று தெரிந்தால் சொல்லி விற்பதும், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வதும் வியாபாரத்தில் அமானிதம். வாங்குகிறவர் அதை நம்பித்தான் குடும்பத்தை ஏற்றுகிறார்.

என் பங்குக்கு நானும் ஒன்று சொல்கிறேன். பத்தாம், பதினொராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அமுக்கம், தடை, மின்னோட்டம் எல்லாம் படிப்பிக்கிறோம். பரீட்சைக்குக் கணக்குச் செய்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். விரும்புகிற கராஜ்காரர் யாராவது ஒரு பழைய பம்ப் செட்டையும் ஒரு மிதவையையும் பாடசாலைக்குத் தந்தால், அதே பாடத்தை அதை வைத்தே நடத்துகிறேன். ஓம் மீட்டரைப் பிடித்து மிதவையை அசைத்துப் பார்த்த பிள்ளை ஓமின் விதியை வாழ்நாளில் மறக்காது. நாளைக்கு அந்தப் பிள்ளையே வாப்பாவின் பிக்கப்பைப் பார்த்து, "வாப்பா, இந்த வயரில பியூஸ் எங்க?" என்று கேட்கும்.

பழைய பிக்கப்கள் இன்னும் நெடுநாள் எங்களோடு இருக்கப் போகின்றன. இருக்கட்டும், உழைக்கட்டும். இந்தக் கிழமையே சாவியை மட்டும் போட்டு டேங்க் பக்கம் காதை வைத்துப் பார்த்துவிட்டு, என்ன கேட்டது என்று கீழே எழுதுங்கள். வாகன வேலை தெரிந்தவர்கள் நான் விட்டுவிட்டதைச் சேர்த்துச் சொல்லுங்கள். பழைய பிக்கப் வைத்திருக்கிற உறவினர்களுக்கும் அனுப்பிவையுங்கள்.

அல்லாஹ் எல்லோரையும் பாதுகாப்பானாக.